மிச்சப் பணமும் மலைக் குகையும்

1887இல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறி ஐம்பது ஆண்டு நிறைந்தது. லண்டன் கொண்டாடியது, லண்டனின் சொல் கேட்ட ஊர்களெல்லாம் கொண்டாடின. கோலாலம்பூரும் கொண்டாடியது. அத்தாப்புக் கூரையிலிருந்து செங்கல்லுக்கு மாறிக்கொண்டிருந்த சிறு ஈயப் பட்டணம் அது. ஊர்ப் பெரியவர்கள் பட்டியலில் பெயர் எழுதிப் பணம் கொடுத்தார்கள். வாணவேடிக்கைக் காலம் போனது. பணம் முழுதும் செலவாகவில்லை.

விழா முடிந்து பணம் மிஞ்சியது என்று சொன்னால் நம் ஊர்ச் சங்கச் செயலாளர்கள் முதலில் நம்பமாட்டார்கள். நம்பினால், அடுத்த கூட்டத்தில் யார் எழுந்து என்ன கேட்பாரோ என்று கவலைப்படுவார்கள். கோலாலம்பூர்ப் பணம் சில ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1890களின் தொடக்கத்தில் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த வில்லியம் ஹூட் டிரீச்சர், அதை முதலாக வைத்து ஓர் ஆங்கிலப் பள்ளி கட்டலாம் என்றார். அரசு தன் பங்கைப் போட்டது. சீனக் கப்பித்தான் யாப் குவான் செங், ஈயத் தவ்கே லோக் இயூ, கருவூலத் தமிழர் கா. தம்புசாமிப் பிள்ளை ஆகியோர் கை கொடுத்து அறங்காவலர்களாகவும் அமர்ந்தார்கள். 1893 ஆகஸ்ட் 14 அன்று ஹை ஸ்ட்ரீட்டில் அடிக்கல் நட்டார்கள். அதுதான் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். இன்று வேறு மேட்டில் இருக்கிறது; பழைய கட்டடம் ஹை ஸ்ட்ரீட்டிலேயே நிற்கிறது. தெருவின் பெயர்தான் ஜாலான் துன் எச்.எஸ். லீ ஆகிவிட்டது.

அந்தத் தெருப் பெயரைக் கேட்டதும் கோலாலம்பூர்த் தமிழருக்கு நினைவு வருவது பள்ளி அல்ல, ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் வாசல். பள்ளிக்குக் கையெழுத்துப் போட்ட அதே தம்புசாமிப் பிள்ளைதான் அந்தக் கோயிலையும் நிறுவியவர். பள்ளிக்கு அடிக்கல் விழுவதற்கு ஒரு வருடம் முன்பு, 1892இல், பத்துமலையில் முதல் தைப்பூசம் நடந்துவிட்டிருந்தது. ஆக, ஒரே காலத்தில், ஒரே மனிதரின் கை பட்டு, இரண்டு வழிகள் இந்த ஊரில் தொடங்கின. ஒன்று, விழாவுக்குத் திரட்டியதில் மிஞ்சியதை நிலைத்த பொருளாக்குவது. மற்றது, ஒரு விழாவையே நிலைத்த பொருளாக்குவது. நிதி திரட்டக் கூட்டம் கூட்டுகிற எந்த அறநிலையமும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் இன்றும் செய்துகொண்டிருக்கிறது. அல்லது செய்யத் தவறிக்கொண்டிருக்கிறது.

தம்புசாமிப் பிள்ளையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் படித்து, வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுத்தராக இருந்தார். டேவிட்சன் 1875இல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக வந்தபோது கூடவே வந்தார். கருவூலத்தில் தலைமை எழுத்தராகி, பொருளாளர் இடத்தில் தற்காலிகமாக அமர்ந்ததும் உண்டு. உத்தியோகத்தோடு நிற்கவில்லை. லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயம் தோண்டினார். சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க மின்சாரப் பம்பு வைத்தவர்கள் அவர்கள். ரயில் பாதைக்கும் சாலைக்கும் ஆள் சேர்க்கத் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர் என்பார்கள். பந்தயக் குதிரை வளர்த்தார். அதாவது, அரசாங்கக் கணக்கு தெரிந்தவர், தவ்கேகளின் நாடி தெரிந்தவர், கூலி ஆட்களின் ஊர் தெரிந்தவர். மூன்றும் ஒருவருக்கே தெரிவது அந்தக் காலத்தில் அபூர்வம், இந்தக் காலத்திலும்தான்.

மாரியம்மன் கோயில் முதலில் பிள்ளை குடும்பத்தின் சொந்தக் கோயில். ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த அத்தாப்புக் கொட்டகை, 1885இல் ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்தது. ஊருக்கு வடக்கே பதின்மூன்று கிலோமீட்டரில் பத்துமலை என்ற சுண்ணாம்புக் குன்று இருந்தது. அந்தக் காட்டின் தெமுவான் மக்களுக்கு அது பழைய இடம். சீனர்கள் தோட்டத்து உரத்துக்கு வௌவால் எச்சம் அள்ளப் போனார்கள். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே வந்து பார்த்து எழுதியபின் வெள்ளைக்காரர்களுக்கும் அது தெரிந்தது. மேல் குகையின் வாய் தம்புசாமிப் பிள்ளைக்கு வேலாகத் தெரிந்தது. 1890இல் அங்கே முருகனை எழுந்தருளச் செய்தார்.

குகையில் சாமி வைப்பது ஒரு செயல். ஊரைக் குகைக்கு வரவைப்பது வேறு செயல். சிங்கப்பூரில் தண்டாயுதபாணி கோயில் 1859 முதல் இருக்கிறது. செட்டியார்களின் தைப்பூசமும் வேல் முன்செல்லும் ஊர்வலமும் அந்தப் பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் புதியதல்ல. அதைப் பார்த்து வளர்ந்தவர், காடும் மேடும் கடந்து ஏற வேண்டிய ஒரு குன்றுக்குத் தேதி குறித்தார். அந்தத் தேதி, தை மாதப் பௌர்ணமியோடு கூடி வரும் பூசம், யாரும் அச்சடித்து அனுப்ப வேண்டாத அழைப்பு. தஞ்சாவூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து தோட்டத்து லயத்தில் முடங்கியவனுக்கு ஆண்டில் எது மறந்தாலும் அது மறக்காது. பழநிக்குப் போக முடியாதவனுக்குப் பழநி வந்து சேர்ந்தது. இடமும் நாளும் அமைந்துவிட்டால் கூட்டத்துக்கு விளம்பரம் தேவையில்லை என்பதை விழா நடத்துவோர் கோடிக்கணக்கில் செலவழித்துக் கற்கிறார்கள்.

அந்தக் கூட்டம் கொடுத்தது எவ்வளவு? 1920களின் பிற்பகுதியில் அரசு நிர்ணயித்த தோட்டக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைந்தது. ஒரு வெள்ளி என்றால் இரண்டு நாள் முதுகு. அந்த முதுகிலிருந்துதான் தேங்காயும் கற்பூரமும் உண்டியல் காசும் வந்தன. தோட்டத்துக் கோயிலுக்கு மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிற வழக்கம் இருந்தது. கிராணி பேரேட்டில் எழுதிவிடுவார், தொழிலாளி கேட்க வழியில்லை. பத்துமலைக்குப் போட்டது அப்படியல்ல. அது நேர்த்திக்கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தால், கப்பலில் போனவனிடமிருந்து கடிதம் வந்தால் என்று மனத்துக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். அதற்குச் சாட்சி தேவையில்லை. வசூலுக்கு ஆளும் தேவையில்லை.

இன்றைய நிதி திரட்டும் நடைப்பயணங்களும் ஓட்டங்களும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். 1980 ஏப்ரலில் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோய்க்கு ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபோது நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது, நிறுத்தினார். அவர் கேட்டது ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டாலர். 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் அவ்வளவே. அவர் பெயரில் ஓட்டங்கள் உலகெங்கும் பரவி, கோலாலம்பூருக்கும் வந்தன. ஒருவர் உடலை வருத்துகிறார், மற்றவர் அதைப் பார்த்துப் பையை அவிழ்க்கிறார். பத்துமலையில் நாக்கில் அலகு குத்தி 272 படி ஏறுகிறவரை இதோடு அப்படியே நிகர்வைக்க மாட்டேன். அவர் எவருக்காகவும் நிதி திரட்டவில்லை, தன் கடனைத் தீர்க்கிறார். ஆனால் வருத்தம் கண்ணுக்குத் தெரியும்போதுதான் கொடை பெருகுகிறது என்பது இரண்டுக்கும் பொது.

தலைக்கு ஒரு டாலர் என்ற அளவும் நமக்குப் புதிதில்லை. டெர்ரி ஃபாக்ஸுக்குக் கால் நூற்றாண்டு முன்பே, தமிழ் முரசு நடத்திய கோ. சாரங்கபாணி அதைக் கேட்டிருந்தார். மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே வரப்போகும் இந்திய ஆய்வியல் துறையில் முதலிடம் சமஸ்கிருதத்துக்கா, தமிழுக்கா என்ற வழக்கு எழுந்தது. சாரங்கபாணி ஏட்டில் முழங்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதிக்குப் பெயர் வைத்தார். துறைமுகத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். 1956இல் துறை தமிழோடு தொடங்கியது. நிதி நூலகத்துக்குப் புத்தகமாயிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். 1952 முதலே சாரங்கபாணி முன்னின்று தமிழர் திருநாளை ஊர் ஊராக நடத்திவந்தார். சாதி, மதம், ஊர் என்று பிரிந்து கிடந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பந்தலில் உட்காரவைத்திருந்தார். பணம் கேட்ட நாளில் கேட்பவருக்கு முன்னால் கூட்டம் தயாராக இருந்தது. முதலில் கூட்டு, பிறகு கேள் என்ற வரிசை அது. நம் சங்கங்கள் பல, கேட்பதற்காக மட்டுமே கூட்டுகின்றன. அழைப்பிதழைக் கண்டதும் ஆட்கள் கைபேசியை அணைத்துவிடுகிறார்கள்.

பத்துமலைக்குத் திரும்புவோம். அங்கே பணம் எப்படிக் கல்லாயிற்று என்பதுதான் இந்தக் கதையின் இரண்டாம் பாகம். 1902இல் தம்புசாமிப் பிள்ளை மறைந்தார். 1920இல் குகைக்கு மரப்படிகள் வந்தன. பிறகு அவை காங்கிரீட் படிகளாயின. 1920களின் பிற்பகுதியில் மாரியம்மன் கோயில் குடும்பத்தின் கையிலிருந்து பொதுவுக்குத் திறந்து, நிர்வாகம் அறங்காவலர் குழுவுக்குப் போனது. இதை வெறும் நிர்வாக மாற்றம் என்று தாண்டிப் போகக் கூடாது. குடும்பக் கோயிலின் உண்டியலில் போடுகிறவன் பெரிய வீட்டுக்குக் காணிக்கை கொடுக்கிறான். பொதுக் கோயிலின் உண்டியலில் போடுகிறவன் கணக்குக் கேட்கும் உரிமையையும் சேர்த்துப் போடுகிறான். அந்த உரிமையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்று மாரியம்மன் கோயில் தேவஸ்தானத்தின் கீழ் அந்தக் கோயில், கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயில், பத்துமலை மூன்றும் இருக்கின்றன. விழாவின் வரவு உண்டியலில் மட்டும் வருவதில்லை. அர்ச்சனைச் சீட்டு, பால்குடச் சீட்டு, காவடிச் சீட்டு, மொட்டைக்கு ஒரு சீட்டு. அடிவாரத்தில் கடைக்கு இடம், ராட்டினத்துக்கு இடம், துணிக்கடை, வளையல் கடை, முறுக்குக் கடை. அவற்றின் வாடகை. 2006இல் அடிவாரத்தில் எழும்பிய 140 அடி முருகன் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு வேலை. 1,550 கன மீட்டர் காங்கிரீட், 250 டன் இரும்பு, தாய்லாந்திலிருந்து வந்த 300 லிட்டர் தங்க வண்ணம். ஏறத்தாழ 25 லட்சம் வெள்ளி என்றார்கள். எந்தத் தவ்கேயும் தனியாகக் கொடுத்ததல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கூடிய கூட்டம் கொடுத்தது. அதற்குப் பிறகு தைப்பூசத்துக்கு வராத சுற்றுலாக்காரரும் ஆண்டு முழுவதும் வரத் தொடங்கினார். விழா சிலையைக் கட்டியது. சிலை, விழா இல்லாத நாள்களுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 2018இல் படிகளுக்கு வானவில் வண்ணம் அடித்தபோது மரபுடைமைத் துறை அனுமதி கேட்கவில்லையே என்று முகம் சுளித்தது. உலகம் படம் எடுக்க ஓடி வந்தது. அழகா என்று என்னைக் கேட்டால் பழைய படிதான் பிடிக்கும் என்பேன். வருமானத்துக்கு நல்லதா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன்.

கூட்டம் வாங்கிக் கொடுத்த இன்னொன்றுக்கு விலைச்சீட்டு இல்லை. சிலாங்கூரில் தைப்பூசம் முன்பே பொது விடுமுறை. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் 2008இல்தான் வந்தது. 2010இல் பத்துமலைக்கே கொம்யூட்டர் ரயில் வந்து நின்றது. மனுக் கொடுத்து வாங்க முடியாததை, ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேல் தலைகள் ஒரே திசையில் நடந்து வாங்கிவிட்டன. ஓர் அமைப்பு பெரிய விழா நடத்தும்போது அதிகாரிகள் எண்ணுவது வந்த பணத்தை அல்ல; வந்த ஆட்களை.

இனித் தண்ணீர்ப் பந்தல். பத்துமலையில் அறம் என்று எதையாவது காட்டச் சொன்னால் உண்டியலைக் காட்டமாட்டேன், பந்தலைக் காட்டுவேன். ஈப்போ சாலையிலும் செந்தூல் பக்கமும் கோயில் வளாகத்திலும் இரவு முழுவதும் எரியும் அடுப்புகள். புளிசாதம், தயிர்சாதம், மோர், பானகம், சிராப் தண்ணி. சில பந்தல் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை வழக்கம்; சில, தொழிற்சாலை ஆட்கள் சேர்ந்து போடுவது; சில, வங்கியும் தொலைபேசி நிறுவனமும் பெயர்ப்பலகையோடு போடுவது. சீனர்களும் சீக்கியர்களும் போடும் பந்தல்களும் உண்டு. இங்கே பணம் கைமாறுவதே இல்லை. ஆனால் ஒரு பந்தலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே இடத்துக்கு விண்ணப்பம். அரிசி மூட்டை யார், எரிவாயு யார், லாரி யார். நள்ளிரவில் வெங்காயம் நறுக்க இருபது பேர், விடிகாலையில் குப்பை அள்ள இருபது பேர். பொருள் கொடுத்தவருக்கு அடுத்த ஆண்டு மறுபடி போன் செய்யும் ஒருவர். விழா நடத்தி நிதி திரட்டுவது எப்படி என்று ஆயிரம் வெள்ளி கட்டி விடுதியில் பயிலரங்கு கேட்கிறார்கள்; பாடம் முழுவதும் இந்த அடுப்படியில் இலவசமாகக் கிடைக்கிறது.

அதே மலையைப் பணம் கேட்காமலே பயன்படுத்திக்கொண்ட அமைப்பு ஒன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத்துப் பிள்ளைகள் தேர்வில் தோற்று வெளியேறிக்கொண்டிருந்த காலம். பல்கலைக்கழக மாணவர்கள் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வகுப்புகள்தான் அடித்தளம். ஆண்டுக்கொரு முறை கல்வி யாத்திரை. மாணவர்கள் பெற்றோரோடு பத்துமலைக்கு வந்து வேண்டிக்கொண்டு, படிப்பேன் என்று உறுதி எடுப்பார்கள். காவடி எடுப்பவரின் அதே நேர்த்திக்கடன் இலக்கணம். தூக்குவது மட்டும் புத்தகம். நிலையத்துக்குக் கிடைத்தது என்ன? மகனைப் படிக்க அனுப்பிய தாய் தானும் படியேறிவிட்டால், நடுவில் வகுப்பை நிறுத்தமாட்டாள். தேறிப் போன பையன் அடுத்த ஆண்டு சொல்லித்தர வருவான். இதை எந்த வரவுசெலவுப் பட்டியலும் காட்டாது.

பிரிக்பீல்ட்ஸில் வேறொரு வழி நடந்தது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிவைத்த டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பெரிய நாட்டிய நாடகங்களால் பெயர் பெற்றது. மேடையிலும் மேடைக்குப் பின்னும் தொண்டர் பட்டாளம். கூடவே அன்னலட்சுமி உணவகம்: வேண்டியதைச் சாப்பிடு, மனம்போலக் கொடு. பெரிய இரவு ஒன்று, சிறிய மதியங்கள் பல. ஒன்று பெயரைக் கொண்டுவரும், மற்றது அடுப்பை அணையாமல் காக்கும்.

எல்லாக் கூட்டமும் இப்படிப் பலன் தருவதில்லை. நம் ஊரில் அதிகம் நடப்பது விருந்து. மண்டபத்தில் நூறு மேஜை, மேஜைக்குப் பத்துப் பேர், மேஜை ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வரவு ஒரு லட்சம். ஆளுக்கு எழுபது வெள்ளிச் சாப்பாடு என்றால் எழுபதாயிரம் போயிற்று. மேடை, ஒலி, பாடகர், மாலை, பொன்னாடை என்று இருபதாயிரம். கையில் பத்தாயிரம். அதற்கு ஆறு மாதம் ஒரு செயற்குழு முழுவதும் தூக்கம் கெட்டது. டத்தோ ஒருவர் மேடையில் கதவளவு மாதிரிக் காசோலை காட்டுவார். அசல் காசோலைக்கு அலைவது தனிக் கதை. மண்டபத்தையும் சாப்பாட்டையும் முன்பே யாராவது ஏற்றுக்கொண்டால்தான் இந்தக் கணக்கு மாறும். அப்போது மேஜைப் பணம் அப்படியே அறத்துக்குப் போகும். செலவுக்கு ஆள் பிடித்த பிறகே சீட்டு அச்சடிக்கிற சங்கங்கள் பிழைக்கின்றன. மற்றவை, விடுதிக்காரருக்கு நிதி திரட்டிக் கொடுக்கின்றன.

அரங்கம் நிறைந்தாலும் போதாது. 2002இல் விஜயகாந்த் தலைவராக இருந்தபோது தென்னிந்திய நடிகர் சங்கம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திர இரவுகள் நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தது. கடன் இவ்வளவு, கொடுக்க வேண்டியவர் இவர் என்று முன்பே தெரிந்த வேலை; பணம் வந்தது, தீர்ந்தது. 2018 ஜனவரி 6 அன்று அதே சங்கம் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தது. இம்முறை சென்னையில் கட்டடத்துக்கு. ரஜினியும் கமலும் வந்தார்கள், பந்தாட்டமும் ஆட்டபாட்டமும் நடந்தன. மறு ஆண்டு சங்கத் தேர்தல் வழக்கில் சிக்கியது, வாக்குகள் 2022 வரை எண்ணப்படாமல் கிடந்தன, கட்டட வேலையும் நின்றது. பணம் திரட்டியவர்களின் திறமையில் குறையில்லை. ஊற்றப்போகும் பாத்திரம் ஆடிக்கொண்டிருந்தது.

உலகப் புகழ் பெற்ற உதாரணமும் உண்டு. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்காளத்து அகதிகளுக்காகப் பண்டிட் ரவிசங்கர் கேட்க, ஜார்ஜ் ஹாரிசன் நண்பர்களைத் திரட்டி நடத்திய கச்சேரி. பெரும் இசைக் கச்சேரி வைத்து நிவாரணம் திரட்டும் வழக்கத்துக்கு அதுவே தாய். நுழைவுச்சீட்டுப் பணம், ஏறத்தாழ 2,43,000 டாலர், உடனே யுனிசெப்புக்குப் போனது. அதைவிடப் பெரிய தொகை இசைத்தட்டிலும் படத்திலும் வந்தது. அது அமெரிக்க வரித்துறையில் பல ஆண்டு சிக்கிக்கொண்டது. காரணம் எளிது. கச்சேரிக்கு முன்பே அறக்கட்டளை வழியாக ஏற்பாடு செய்து வரிவிலக்குக் கேட்டிருக்கவில்லை. அவசரம் அவர்களுக்கு, அகதி முகாமில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வரிக்காரருக்கு அவசரம் கிடையாது.

மலேசியாவில் இதற்கு வழி போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். சங்கமென்றால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு. ஆண்டுக் கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் கணக்கு. தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்கிவிட்டால் கொடுப்பவருக்கு வரிக்குரிய வருமானத்தில் கழிவு உண்டு. நிறுவனங்கள் மேஜை வாங்குமுன் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். இந்தத் தாள்களைச் சேர்ப்பது சலிப்பான வேலை. கச்சேரி ஏற்பாடு இனிப்பான வேலை. ஆகவே முதலில் பாடகரைப் பேசி முடிக்கிறார்கள்.

ஒரே விழாவை நம்பி நிற்பதன் ஆபத்தை 2021 காட்டியது. பெருந்தொற்று ஆண்டு. ரதம் மட்டும் பத்துமலைக்குப் போனது. காவடி இல்லை, கடை இல்லை, பந்தல் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அடிவாரம் அப்படி வெறிச்சோடியது அபூர்வம். நிதி விருந்தை நம்பிய சிறு அற இல்லங்களுக்கு அது பட்டினி ஆண்டு. மண்டபம் மூடிக் கிடந்தால் மேஜை ஏது?

அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று கொட்டிய மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் மாடி வரை தண்ணீர். மக்கள் கூரையில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள். அரசாங்கம் வந்து சேருமுன் தொண்டர்கள் வந்தார்கள், எல்லா இனத்தவரும். சீக்கியக் குருத்துவாராக்களில் இரவும் பகலும் சமைத்தார்கள். அன்று யாரும் நிதி விழா நடத்தவில்லை, நடத்த நேரமுமில்லை. வேண்டியிருந்தது பெரிய அண்டா, எரிவாயு, லாரி, ஆயிரம் பேருக்கு உலை வைத்துப் பழகிய கைகள், இவற்றையெல்லாம் வைத்திருப்பவர்களின் தொலைபேசி எண்கள். அவை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்கனவே இருந்தன. அவற்றைத் தைதோறும் பழக்கி வைத்திருந்த இடங்களில் பத்துமலைச் சாலையும் ஒன்று.